கொதித்த தண்ணீரும் என் மனைவியின் செல்களும்

என் மனைவிக்காக நான் பல தடவை ரத்தம் கொடுத்திருக்கிறேன் என்று சொன்னால், கேட்பவர்கள் உடனே முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு "என்ன ஆச்சு அவளுக்கு?" என்கிறார்கள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கல்லு மாதிரி இருக்கிறாள். அவளுடைய ஆராய்ச்சிக்குக் கொடுத்தேன். கையை நீட்டி நீட்டி, முழங்கை மடிப்பில் ஊசி குத்தின இடம் கருத்தே போய்விட்டது. ஆபீஸில் புதிதாக வந்த மேனேஜர் ஒரு நாள் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போதை ஊசி கேஸ் என்று நினைத்தாரோ என்னவோ. அன்றிலிருந்து முழுக்கைச் சட்டைதான் போடுகிறேன்.

விஷயத்தை முறையாகச் சொல்கிறேன். நாங்கள் இரண்டு பேரும் திருவனந்தபுரத்துக்காரர்கள். நான் ஸ்ரீவராகம், அவள் கரமனை. இரண்டு வீட்டிலும் பேசுவது தமிழ், படித்தது மலையாளத்தில், சண்டை போடுவது இரண்டும் கலந்து. கல்யாணமானதும் கழக்கூட்டத்தில் ஒரு வாடகை ஃப்ளாட்டுக்குக் குடிவந்தோம், எனக்கு அங்கே ஐ.டி. பார்க்கில் வேலை என்பதால். சாஃப்ட்வேர் டெஸ்டிங். அடுத்தவன் எழுதினதில் குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள். அந்தக் குணம் எனக்குப் பிறவியிலேயே உண்டு என்று அம்மா சொல்வாள். என் மனைவி ஊருக்குள் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தாள். எந்த நிலையம் என்று சொல்லமாட்டேன். எந்தச் செடி என்றும் சொல்லமாட்டேன். சொன்னால் ராத்திரி சோறு கிடைக்காது, அதுவும் அன்றைக்கு நான் சமைக்கிற முறையாக இருந்தாலும் கிடைக்காது.

செடி என்றால் ஒரு கொடி. வித்துரா தாண்டி மலை ஏறுகிற வழியில் ஈரமான இடங்களில் படர்ந்து கிடக்கும். வனத்துறை அனுமதி வாங்கி, ஜீப் பிடித்துப் போய், அட்டைக்கடி பட்டுக்கொண்டு பறித்து வருவார்கள். இலையை உலர்த்தி, ஊறவைத்து, வடிகட்டி, கண்ணாடிக் குழாய்க்குள் விட்டு, லிட்டர் லிட்டராகத் தண்ணீர் ஊற்றிப் பிரித்தெடுத்து, அந்தத் தண்ணீரையெல்லாம் உறையவைத்து உலர்த்தினால் கடைசியில் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி வரும். அந்த ஒரு சிட்டிகைக்குள் இருக்கிற ஒரே ஒரு பொருள்தான் அவளுடைய தீசிஸ். ஒரு சாக்கு இலை உள்ளே போய் ஒரு சிட்டிகை வெளியே வந்தால் நான் அன்றைக்கே வேலையை விட்டிருப்பேன்.

எனக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தியைப் பற்றித் தெரிந்ததெல்லாம் ஹெல்மெட்டுக்கு வெளியிலிருந்து வந்ததுதான். காலையில் அவளை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவேன். கழக்கூட்டம் ஹைவேயில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே நிற்கும்போது பின்னாலிருந்து கத்திக் கத்திப் பாடம் நடத்துவாள்.

"கேட்டியா, ரத்தத்துல ஒரு வகை செல் இருக்கு. அதைத் தனியா எடுத்து, தட்டுல போட்டு, ரெண்டு புரோட்டீன் குடுத்து ஒரு வாரம் வளத்தா டென்ட்ரிடிக் செல் ஆயிடும். நம்ம தோலுக்குக் கீழே, மூக்குல, குடல்ல எல்லாம் அது இருக்கு. அதுக்கு வேலை சும்மா சுத்தறதும் கண்டதைத் தின்னு பாக்கறதும்."

"ஆபீஸ்ல எங்க எச்.ஆர். மாதிரி."

"வாயை மூடிண்டு கேளு. தின்ன பண்டத்துல ஏதோ ஆபத்துன்னு தெரிஞ்சா அது அப்படியே மாறிடும். திங்கறதை நிறுத்திடும். கை கையா நீட்டும். தான் தின்னதுல ஒரு துண்டை மேலே எடுத்து வெச்சுண்டு, நிணநீர் முடிச்சுக்கு நடந்து போய், அங்க இருக்கற போர்ச் செல்கள்கிட்ட காட்டும். 'இதோ பாரு, இவன்தான் உள்ளே வந்தவன்'னு. அது காட்டினாத்தான் மத்ததெல்லாம் சண்டைக்குக் கிளம்பும். இந்த மாற்றத்துக்குப் பேர்தான் முதிர்ச்சி."

"அப்போ உன் பொடி?"

"என் பொடியைப் போட்டா அதுகள் முதிர்ச்சி ஆறது. கிருமியே இல்லாம. அதாக்கும் விஷயம்."

அதைச் சொல்லும்போது அவள் குரலில் இருந்த சந்தோஷத்தை லாரி ஹாரன்கூட அடக்கவில்லை. ஒரு செடியிலிருந்து வந்த பொருள் அந்தச் செல்களை எழுப்பிவிடும் என்றால், அதைத் தடுப்பூசியோடு துணையாகச் சேர்க்கலாம். பலவீனமான தடுப்பூசிகூட நன்றாக வேலை செய்யும். அவளுடைய கைடு, ரிட்டயர்மென்டை எட்டிப் பிடித்துவிட்ட மலையாளி சார், போகிற இடத்திலெல்லாம் இவளைப் பற்றிப் பேசினார். பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்பியாயிற்று. தீசிஸ் எழுதி முடிக்கிற கட்டம். ஸ்ரீவராகம் தெருவில் அம்மா ஏற்கெனவே மாட்டுப்பெண்ணை டாக்டர் என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். பக்கத்து வீட்டு மாமி முழங்கால் வலிக்கு மருந்து கேட்டு என் மனைவியின் நம்பரை வாங்கிக்கொண்டு போனாள்.

ரத்தம் கொடுக்க நான் வந்து சேர்ந்த கதை ஒன்றும் பெரிதில்லை. ஆரோக்கியமான ஆள் வேண்டும், மாத்திரை எதுவும் சாப்பிடாத ஆள் வேண்டும், கூப்பிட்டால் வருகிற ஆள் வேண்டும். மூன்றாவது தகுதிக்கு நான்தான் கிடைத்தேன். நிலையத்தில் சம்மதக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஒரு நர்ஸ் ரத்தம் எடுப்பாள், பிஸ்கட்டும் ஜூஸும் தருவாள். அப்புறம் ஒரு வாரம் என் செல்கள் அவளிடம் வளரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் இவள் தலையைப் பின்னிக்கொண்டு கிளம்புவாள். எங்கே என்றால் "செல்லுக்குச் சாப்பாடு போடணும்" என்பாள். எனக்குத் தோசை யார் போடுவது என்று நான் கேட்டால், "நீ முதிர்ச்சி ஆயாச்சு, நீயே போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

அந்தச் செல்கள் முதிர்ந்தனவா இல்லையா என்று கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது. அதற்கு ஒரு மெஷின் இருக்கிறது. செல்களை ஒவ்வொன்றாக ஒரு லேசர் வெளிச்சத்துக்கு முன்னால் ஓடவிடும். முதிர்ந்த செல் தன் மேல்தோலில் சில புரோட்டீன்களைக் கட்சிக்கொடி மாதிரி தூக்கிப் பிடித்திருக்கும். அவற்றில் ஒட்டிக்கொள்கிற சாயத்தைப் போட்டால் பளிச்சென்று ஒளிரும். கம்ப்யூட்டர் திரையில் அது ஒரு குன்று மாதிரி வரும். குன்று இடப்பக்கம் இருந்தால் செல் முதிரவில்லை. வலப்பக்கம் நகர்ந்தால் முதிர்ந்துவிட்டது. இவ்வளவுதான். என்னை முதல்முறை கூட்டிக்கொண்டு போய்க் காட்டினபோது, என் செல்கள் எல்லாம் பொடியைத் தின்றுவிட்டு வலப்பக்கம் போய் உட்கார்ந்திருந்தன. எனக்கு ஏனோ பெருமையாக இருந்தது. எந்த வேலையும் உருப்படியாகச் செய்யாத ஆளின் ரத்தம் என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாதே.

இனித் தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். நம்மூரில் பச்சைத் தண்ணீர் குடிக்கிற வழக்கம் கிடையாது. வீட்டில் காலையில் முதல் வேலை பெரிய பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைப்பது. ஹோட்டலில் உட்கார்ந்தால் பதிமுகக் கட்டை போட்டுக் காய்ச்சின இளஞ்சிவப்புத் தண்ணீர் சூடாக வந்து விழும். யார் வீட்டுக்குப் போனாலும், கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்தாலும், "கொதிச்சதுதானே?" என்று ஒரு வார்த்தை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. கொதித்துவிட்ட தண்ணீரை அதற்கப்புறம் சந்தேகப்படுவது மரியாதை இல்லை. லேபிலும் அந்த மரியாதையை அப்படியே வைத்திருந்தார்கள். தண்ணீரைக் காய்ச்சி ஆவியாக்கிப் பிடிக்கிற கண்ணாடிச் சாதனம் ஒன்று மூலையில் ஓடிக்கொண்டிருக்கும். அதை ஒரு பெரிய கேனில் பிடித்துவைப்பார்கள். வேண்டியபோது எடுத்து, குக்கர் மாதிரி ஒரு பெரிய பாத்திரத்தில் அழுத்தம் கொடுத்து மறுபடி ஒரு தடவை வேகவைப்பார்கள். இரண்டு தடவை நெருப்பைப் பார்த்த தண்ணீர். அதில் என்ன குறை இருக்க முடியும்?

மழைக்காலத்தில் ஊரில் ஒரு பெரிய குழாய் உடைந்தது. உடைவது வழக்கம்தான். ஆனால் இந்தத் தடவை நாள்கணக்கில் தண்ணீர் வரவில்லை. லேபில் அந்தக் கண்ணாடிச் சாதனம் நின்றுவிட்டது. இவளுக்கோ புதிதாகப் பொடி எடுக்க வேண்டியிருந்தது, தீசிஸில் கடைசி ஒரு படம் மட்டும் பாக்கி. காத்திருக்க மனசில்லாமல், ஊசி மருந்து கலக்குவதற்கென்று விற்கிற சுத்தத் தண்ணீரைப் பெட்டி பெட்டியாக வாங்கிவந்து அதிலேயே எல்லாம் செய்து பொடி எடுத்தாள். என் ரத்தத்தை எடுத்தாள். செல்கள் வளர்ந்தன. பொடியைப் போட்டாள்.

குன்று நகரவில்லை.

லேபில் இருந்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பொடி கெட்டுப்போயிருக்கும் என்றான் ஒருவன். இலை மழையில் நனைந்திருக்கும் என்றாள் ஒருத்தி. ரத்தம் கொடுத்த ஆளுக்கு ஜலதோஷம் இருந்திருக்கும் என்று மூன்றாவது ஆள் சொன்னதைக் கேட்டதும் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. என் ரத்தத்திலா குற்றம்? மறுபடி போய்க் கையை நீட்டினேன். மறுபடி அதே. பழைய பொடியைப் போட்டால் குன்று வலப்பக்கம் பாய்கிறது. புதுப் பொடியைப் போட்டால் அசையாமல் கிடக்கிறது. ஒரே கொடி, ஒரே முறை, ஒரே ரத்தம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுப்பில் குடிதண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அவள் பாத்திரத்துக்கு முன்னால் நின்று கொதிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரமாக நின்றாள்.

"அதுல கிருமி இருந்தா இப்போ செத்திருக்கும், இல்லையா?" என்றாள்.

"செத்துத் தொலைஞ்சிருக்கும். அதுக்குத்தானே காஸைச் செலவு பண்றோம்."

"செத்தது எங்க போகும்?"

எனக்குப் புரியவில்லை. "எங்க போகும்? அங்கேயேதான் கிடக்கும்" என்றேன்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். ஆவியாக்கிப் பிடித்த தண்ணீரும் கேனில் நாள்கணக்காகக் கிடந்தால் அதில் கிருமி வளரும், மறுபடி வேகவைக்கும்போது அதற்குள்ளேயே செத்துக் கிடக்கும். ஒரு வகைக் கிருமிக்கு மேல்தோலில் ஒரு கொழுப்புப் பொருள் உண்டு. கிருமி செத்தாலும் அது சாகாது, கொதித்தாலும் போகாது. குடிக்கிற நமக்கு அதனால் ஒன்றுமில்லை. ஆனால் டென்ட்ரிடிக் செல்லுக்கு அது போதும். கிருமி உயிரோடு வந்ததா பிணமாக வந்ததா என்று அது பார்க்காது, ஆபத்து என்று எழுந்துவிடும். லேப் தண்ணீரில் அது இருக்கிறதா என்று முன்பே சோதித்தார்களாம், கொஞ்சம்தான், கவலைப்படாத அளவுதான் என்று வந்ததாம். ஆனால் அந்தத் தண்ணீரை லிட்டர்கணக்கில் ஊற்றி, உலர்த்தி, ஒரு சிட்டிகையாக ஆக்கினால்? ரசத்தை அடுப்பில் மறந்துவிட்டுப் போனால் உப்பு ஏறிப்போகிறதே, அந்த மாதிரி, கொஞ்சமாக இருந்ததெல்லாம் சேர்ந்து அந்தப் பொடிக்குள் உட்கார்ந்துவிடும்.

"அப்போ என் செல்லை எழுப்பினது உன் கொடி இல்லையா?"

"தெரியாது. அதைத்தான் பாக்கணும்."

நான் அன்றைக்குக் கத்தினேன். என் குணம் அப்படி. கட்டுரை அனுப்பியாயிற்று, தீசிஸ் முக்கால்வாசி எழுதி வைத்தாயிற்று, ஃபெலோஷிப் முடியப்போகிறது, கைடு ரிட்டயர் ஆகப்போகிறார், இந்த நேரத்தில் சொந்தப் பிஎச்.டி.யில் தானே மண் அள்ளிப் போட்டுக்கொள்கிற ஆள் உலகத்தில் உண்டா? யார் கேட்டார்கள் இவளை?

"நான் கேக்கறேன்" என்றாள்.

"இப்படி ஏதாவது வந்தா நாங்க என்ன பண்ணுவோம் தெரியுமா? தெரிஞ்ச குறைன்னு ஒரு வரி எழுதிட்டு ரிலீஸ் பண்ணிடுவோம். அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம்னு."

"நீ ரிலீஸ் பண்றதை யாரும் உடம்புல ஏத்திக்கறதில்லை" என்றாள்.

தேங்காய் மூடியை வைத்துவிட்டு, "எப்போ வரணும்?" என்று மட்டும் கேட்டேன்.

அவள் செய்ய நினைத்த சோதனை எனக்கே புரிகிற அளவு எளியது. அந்தச் செத்த கிருமியின் தோல்பொருளை மட்டும் பிடித்துக் கட்டிப்போடுகிற ஒரு மருந்து இருக்கிறது. பழைய பொடியோடு அதைச் சேர்த்துப் போட வேண்டும். செல்லை எழுப்பியது கொடியாக இருந்தால் குன்று எப்போதும்போல் வலப்பக்கம் போகும். அழுக்காக இருந்தால் போகாது. இவளுடைய பட்டம் அந்தக் குன்று எந்தப் பக்கம் நிற்கிறது என்பதில் இருந்தது. நான் போய் ரத்தம் கொடுத்தேன். இந்தத் தடவை பிஸ்கட் இறங்கவில்லை. அவள் வழக்கம்போல் செல்லுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு வந்தாள். எந்தக் கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்று மெஷினில் வைக்கிற தனக்கே தெரியக்கூடாது என்று, வேறொருத்தியை விட்டுக் கிண்ணங்களுக்கு அடையாளம் போடச் சொல்லியிருந்தாள். தனக்குச் சாதகமாகத் தன் கை தன்னையறியாமல்கூட ஏதும் செய்துவிடக்கூடாதாம். இப்படி ஒரு ஜன்மம்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நானும் கூடப் போனேன். மெஷின் அறையில் ஏசி எலும்பைத் துளைத்தது. கிண்ணங்கள் ஒவ்வொன்றாக ஓடின. அடையாளம் போட்டவள் வந்து எது எது என்று சொன்னாள். மருந்து சேர்த்த கிண்ணத்தில் குன்று இடப்பக்கமே, ஒன்றும் போடாத செல்களுக்குப் பக்கத்திலேயே, ஒட்டிக்கொண்டு நின்றது.

என் மனைவி திரையைப் பார்த்தாள். அழவில்லை, தலையில் கை வைக்கவில்லை. "சரி, அழுக்குதான்" என்றாள். வைத்தியர் காய்ச்சல் எவ்வளவு என்று சொல்கிற குரலில் சொன்னாள். கூட இருந்த பெண்ணுக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

வெளியே வந்ததும் பசிக்கிறது என்றாள். ஹோட்டலுக்குப் போய் ரசவடை சொன்னோம். பாதி வடை தின்றபிறகு அழ ஆரம்பித்தாள். சப்ளை செய்கிறவர் மிளகு ஜாஸ்தியாகிவிட்டது என்று நினைத்து மோர் கொண்டுவந்து வைத்தார். அவள் மோரையும் குடித்தாள், அழுதுகொண்டே. எனக்கு அவள்மேல் அப்போது வந்த மரியாதையை எந்த வார்த்தையில் சொல்வது என்று தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. என் கூட வேலை பார்க்கிறவர்கள் எல்லாம் புத்திசாலிகள். ஆனால் தன்னைத் தானே இப்படிக் கழற்றிப் போட்டுப் பார்க்கிற ஆளை நான் கண்டதில்லை.

திங்கட்கிழமை கைடிடம் போய்ச் சொன்னாள். அதற்குள் வேறு இரண்டு பேருடைய ரத்தத்திலும் சோதனையை ஆரம்பித்துவிட்டிருந்தாள், அதையும் சொன்னாள். அவர் மலையாளத்தில் "உறப்பாணோ?" என்று கேட்டாராம், நிச்சயம்தானா என்று. பிறகு கண்ணாடியைக் கழற்றிவைத்தாராம். அந்தக் கட்டுரையில் அவர் பெயரும் இருந்தது. ரிட்டயர் ஆகிற சமயத்தில் கிடைக்கப்போகிற நல்ல பெயரும் அதில்தான் இருந்தது. திட்டப்போகிறார் என்று இவள் நின்றிருக்கிறாள். "இன்னைக்கே கட்டுரையை வாபஸ் வாங்கிடலாம். யார் வந்து கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கறேன், நீ வேலையைப் பாரு" என்றாராம். அந்த மனுஷனை அதுவரை நான் வீட்டில் என்னென்னவோ சொல்லியிருக்கிறேன். அதற்கப்புறம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

எல்லோரும் அவரைப் போல இல்லை. அதே கேன் தண்ணீரில் வேலை செய்தவர்கள் லேபில் வேறு சிலரும் இருந்தார்கள். அவர்களுக்கு இவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று இருந்தது. கேன்டீனில் இவள் உட்கார்ந்த மேஜைக்கு வருவதை நிறுத்தினார்கள். வீட்டில் வந்து அதைச் சொல்லும்போதுகூட அவள் அவர்களைக் குறை சொல்லவில்லை. "அவாளுக்கும் வருஷக்கணக்கான வேலையாக்கும், கோபம் வராதா பின்னே?" என்றாள். எனக்கு வந்தது கோபம். அந்தக் கேன்டீனுக்கே போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று கிளம்பினவனை அவள்தான் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

மறுபடி முதலிலிருந்து. பழைய பொடியை எல்லாம் கொட்டினாள். கண்ணாடிப் பாத்திரங்களைத் தண்ணீரே படாமல் கடும் சூட்டில், ரொட்டி கருகிக் கரியாகிவிடும் அந்தச் சூட்டில், மணிக்கணக்காகச் சுட்டாள். அந்தத் தோல்பொருள் அதில்தான் அழியுமாம். வித்துராவுக்கு மறுபடி ஜீப், மறுபடி அட்டை. ஒவ்வொரு கட்டத்திலும் சோதனை. ஃபெலோஷிப் முடிந்துபோனது. காலையில் ஒரு கல்லூரியில் தற்காலிகமாகப் பாடம் எடுத்துவிட்டு மத்தியானம் லேபுக்கு ஓடினாள். அம்மா ஒரு நாள் ஃபோனில், "இன்னும் எத்தனை நாள்டா படிப்பா அவ? தெருவுல கேக்கறா" என்றாள். கேட்கிறவர்களை என்னிடம் அனுப்பு என்றேன். அதற்குப் பிறகு அம்மா அதைக் கேட்கவில்லை.

சுத்தமான பொடி வந்தது. செல்களின் மேல் போட்டாள். ஒன்றும் ஆகவில்லை. என் செல்கள் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டு கிடந்தன. இவ்வளவு பாடுபட்டு எடுத்த பொடி ஒன்றுமே செய்யாத பொடி. வேறு ஆளாக இருந்தால் அத்துடன் கடையைக் கட்டியிருப்பான். இவள் இரண்டு நாள் யோசித்துவிட்டு, ஒரு காரியம் செய்தாள். இத்தனை நாள் எந்த அழுக்கு அவளை ஏமாற்றியதோ, அந்த அழுக்கையே கடையில் சுத்தமாக வாங்கி, அளந்து, செல்களுக்குக் கொடுத்தாள். பாதிக் கிண்ணங்களில் முதலில் பொடியைப் போட்டுவிட்டு அதற்கப்புறம் கொடுத்தாள். பொடி இல்லாத கிண்ணங்களில் குன்று வலப்பக்கம் பாய்ந்தது. பொடி போட்ட கிண்ணங்களில் அநேகமாக நின்ற இடத்திலேயே நின்றது.

ஸ்கூட்டரில் வரும்போது அதை என் காதில் கத்தினாள். ஹெல்மெட்டின் மேல் தட்டித் தட்டிச் சொன்னாள்.

"எழுப்பறது இல்லைடா அது. அடக்கறது. நேர்மாறு. ஆபத்துன்னு தெரிஞ்சும் செல்லை முதிரவிடாம பிடிச்சு வெக்கறது."

"அப்போ முன்னாடி ஏன் பிடிச்சு வெக்கலை?"

"பழைய பொடியில அழுக்கு அவ்வளவு. அதுக்கு முன்னாடி இதால நிக்க முடியலை."

"இதனால யாருக்கு என்ன லாபம்?"

"சில பேருக்கு உடம்பு தன்னையே ஆபத்துன்னு நினைச்சுண்டு தன் கைகால் மூட்டுகளையே தின்னுடறதே, அவாளுக்கு. வேற ஆளோட கிட்னியை வெச்சுண்டவாளுக்கு. ஒரு நாளைக்கு. ரொம்பத் தூரம் இருக்கு. இன்னும் எலிக்குக்கூடக் குடுத்துப் பாக்கலை. யார்கிட்டயும் உளறாதே."

நான் உளறவில்லை. ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தி இறங்கி, ஹைவேயில் அத்தனை பேர் பார்க்க அவளைக் கட்டிக்கொண்டேன். ஒரு ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துவிட்டுப் போனார்.

பிறகு அதையும் அவள் நம்பவில்லை. வேறு ஆட்களின் ரத்தம், வேறு நாள், வேறு கை, கிண்ணங்களுக்கு வேறொருத்தி அடையாளம். செல்கள் செத்துப்போனதால் அடங்கிக் கிடக்கின்றனவோ என்று அதையும் பார்த்தாள். செத்துப்போகவில்லை. எல்லாம் உயிரோடு, ஆரோக்கியமாக, முதிராமல் இருந்தன. அப்புறம்தான் எழுத உட்கார்ந்தாள்.

தீசிஸின் கடைசிப் பரீட்சை எல்லோருக்கும் முன்னால் நடக்கும். ஒரு ஹாலில் அவள் நின்று பேச வேண்டும், வெளியூரிலிருந்து வருகிற நிபுணர் கேள்வி கேட்பார், யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாம். நான் லீவு போட்டேன். அம்மாவும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். எங்களைப் பார்த்தால் அவளுக்குப் பதற்றமாகும் என்று இரண்டு பேரும் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். கேன்டீன் மேஜையை விட்டுப் போனவர்களும் வந்திருந்தார்கள். கைடு ரிட்டயர் ஆகிவிட்டிருந்தார். வேட்டி கட்டிக்கொண்டு முன்வரிசையில் இருந்தார்.

தோற்றுப்போன சோதனைகளைப் பின்னால் ஒரு மூலையில் சேர்த்துவிடலாம், பேச்சில் அதெல்லாம் வேண்டாம் என்று பலரும் சொல்லியிருந்தார்கள். அவள் முதலில் எடுத்ததே அதைத்தான். வலப்பக்கம் பாய்ந்த குன்றைத் திரையில் போட்டு, "இது தவறு. இதை நான் பல வருஷம் நம்பினேன்" என்று ஆங்கிலத்தில் நிதானமாக ஆரம்பித்தாள். தண்ணீர், கேன், உலர்த்தியது, மருந்து போட்டுப் பார்த்தது, எல்லாவற்றையும் ஒளிக்காமல் வரிசையாகச் சொன்னாள். அதற்கப்புறம்தான் புதுப் பொடிக்கு வந்தாள். இப்படி ஒருத்தியோடு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகிறோம், எவ்வளவு அலட்சியமாக நடத்துகிறோம் என்று தோன்றியது.

கேள்வி கேட்க வந்திருந்தவர் தலை முழுக்க நரைத்த ஒரு அம்மாள். வெகுநேரம் கேட்டார். இந்தத் தடவையும் தண்ணீர்தான் ஏமாற்றுகிறது என்றால் என்ன செய்வாய் என்று கேட்டார். அதற்கென்று செய்த சோதனைகளை இவள் ஒவ்வொன்றாகக் காட்டினாள். கடைசியில் அந்த அம்மாள் கையிலிருந்த பேனாவை மூடினார். பிறகு சொன்னார்.

"முதலில் எழுதினாயே, அந்தத் தீசிஸ், அது என்னிடம் வந்திருந்தால் நான் கண்டுபிடித்திருக்கமாட்டேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பேன்."

"தெரியும் மேடம்" என்றாள் என் மனைவி. "அதனாலதான் குடுக்க முடியலை."

அந்த அம்மாள் எழுந்து மேடைக்குப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஆங்கிலத்தில் நடந்ததால் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. என் முகத்தைத் திரும்பிப் பார்த்தவள் பயந்துபோய் என் தோளை உலுக்கினாள்.

"என்னடா அழறே? தோத்துப்போயிட்டாளா?"

இல்லை என்று தலையை ஆட்டி, மேடையைக் காட்டினேன்.